புள்ளி வைத்துப் பெண் பார்த்தவர்கள்

தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு டீக்கடை. நண்பன் தீர்ப்பே சொல்லிவிட்டான்: “ரெண்டு எக்ஸ் இருந்தா பொம்பள, எக்ஸும் ஒய்யும் இருந்தா ஆம்பள. இதுல என்னல பேச்சு?”

பேச்சு சாந்தி சௌந்தரராஜனைப் பற்றியது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டைப் பெண். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பிடுங்கினார்கள். பிறகு செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எல்லாவற்றையும் ஒன்று, பூஜ்யம் என்று பிரித்துவிடும் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் செல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

எக்ஸ் குரோமோசோமில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் உண்டு. ஒய்யில் மிகச் சில. அப்படியானால் பெண்ணின் செல்லில் அத்தனையும் இரட்டை அளவில் சுரக்க வேண்டுமே? சுரப்பதில்லை. கருவிலேயே ஒவ்வொரு செல்லும் ஓர் எக்ஸைப் பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. 1961இல் மேரி லயன் சொன்னது இது. பழ ஈயில் ஆணின் ஒற்றை எக்ஸ் இரண்டு மடங்கு உழைக்கிறது. வழி வேறு, நோக்கம் ஒன்று: இருபாலுக்கும் அளவைச் சமன் செய்வது.

அடங்கிய எக்ஸ், நுண்ணோக்கியில் ஒரு புள்ளியாகத் தெரியும். 1949இல் மர்ரே பார் பூனையின் நரம்புச் செல்லில் கண்ட ‘பார் உடல்’ அதுதான். வித்தியாசத்தை ஈடுகட்டியதற்கான அந்த அடையாளத்தையே 1968இல் ஒலிம்பிக்காரர்கள் வேலியாக்கினார்கள். கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிப் பார்த்து, புள்ளி இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. இந்தக் கணக்கில் எக்ஸ்எக்ஸ்ஒய் கொண்ட ஆண் ‘பெண்’ணாகத் தேறிவிடுவான். ஆண் ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காத, பெண்ணாகவே பிறந்து வளர்ந்த எக்ஸ்ஒய் பெண் தோற்றுப்போவாள். ஸ்பெயினின் மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தின்யோ 1985இல் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். போராடி 1988இல் உரிமையை மீட்டார்.

புள்ளிச் சோதனை ஒழிந்தது. புத்தி ஒழிந்ததா? 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவில் ஓட வருகிறவர்களிடம் உலகத் தடகள அமைப்பு எஸ்ஆர்ஒய் என்ற ஒற்றை மரபணுவைத் தேடுகிறது. போட்டியில் நியாயம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஆனால் மரபணு இருப்பது ஒன்று. உடல் அதன் சொல் கேட்டதா என்பது வேறொன்று. முதலாவதை வைத்து இரண்டாவதைத் தீர்மானிப்பது அறிவியல் அல்ல, சோம்பேறித்தனம்.

எங்கள் கடலின் முத்துச்சிப்பி இளமையில் ஆணாக இருந்து, பிறகு பெண்ணாக மாறுவது சகஜம். நண்பனிடம் இதைச் சொன்னேன். “சிப்பிக்கு யாருல பதக்கம் குடுத்தா?” என்றான். சாந்திக்குக் கொடுத்தார்கள், ஓடித்தானே வாங்கினார்? அதைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.