பட்டியலில் உறங்கும் ஊழியங்கள்

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் 'சபையார் நடத்தும் ஊழியங்கள்' என்று ஒரு பட்டியல். மொத்தம் 11. அதில் நடப்பவை 4. மீதி ஏழுக்கும் எதிரே ஒரே வரிதான்: "தற்சமயம் செயல்படவில்லை, ஜெபித்துக்கொள்ளவும்." மும்பைக்கு மாற்றலாகி வந்து ஏழு வருஷமாகிறது. வருஷா வருஷம் இதே வரியைப் படிக்கிறேன்.

நான் பேங்க்காரன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். வாடிக்கையாளர் இரண்டு வருஷத்துக்கு மேல் தொடாத சேமிப்புக் கணக்கை 'இயங்காத கணக்கு' என்போம். பேங்க் தானாகப் போடும் வட்டியை இதில் சேர்க்க மாட்டோம். அவரே வந்து போட்டாலோ எடுத்தாலோதான் கணக்குக்கு உயிர். 10 வருஷம் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும் (உரியவர் கேட்டு வந்தால் கிடைக்கும்). அந்த ஆளைத் தேட வேண்டியது பேங்கின் பொறுப்பு. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

எங்கள் அறிக்கையின் 'ஜெபித்துக்கொள்ளவும்' தானாக ஏறும் வட்டி மாதிரி. ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆளும் வரவில்லை, ஆளைத் தேடி யாரும் போகவும் இல்லை.

முடிந்துபோன ஊழியம் வேறு, உறங்கும் ஊழியம் வேறு. எங்கள் சபையில் 1970களில் கடிதம் எழுதிக் கொடுக்கும் குழு ஒன்று இருந்ததாம். ஊரிலிருந்து பிழைக்க வந்த, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதி, மணியார்டர் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பார்களாம். மூத்த அண்ணாச்சி ஒருவர் சொன்னார். அருமையான காரியம். இன்று அதற்குத் தேவையில்லை. நன்றி சொல்லி முடித்துவிடலாம்.

ஆஸ்பத்திரி சந்திப்புக் குழுவை அப்படி முடிக்க முடியுமா? போன வருஷம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனின் வைத்தியத்துக்காக இங்கே வந்தார். இந்தி தெரியாது. 22 நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். அவர் ஊர் ஐயர் எங்களுக்குச் செய்தி அனுப்பினார். அது சபையின் வாட்ஸப் குழுவில் வந்தது. கைகூப்பும் படம் 38 பேர் போட்டோம். நேரில் போனவர் ஒருவரும் இல்லை. ஊர் திரும்பியபின் அந்த அம்மா கேட்டாராம், "அங்க நம்ம சபை இருக்குன்னாங்களே, யாரும் எட்டிப் பாக்கலியே?"

அந்தக் குழுவின் கன்வீனர் என்று ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கும் பெயர் என்னுடையது. அந்த 38 கைகூப்பில் ஒன்றும் என்னுடையது. ஆறு வருஷமாக நான் ஒரு வார்டுக்கும் போனதில்லை.

"நேரம் எங்கே சார்?" என்கிறார்கள். கமிட்டித் தேர்தல் அன்று ஓட்டுப் போட வெயிலில் மூன்று மணி நேரம் நின்றோமே, அந்த நேரம் எங்கிருந்து வந்தது?

"ஐயர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். ஐயர் ஒருவர், அவருக்கு மூன்று சபை. போகட்டும், நம் சரித்திரத்தைப் பாருங்கள். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் வருஷப் பதிவேட்டில் 40 பேர். அதில் முதல் பெயர் குளோரிந்தா என்ற விதவையுடையது. அவர் முயற்சியில் 1785இல் ஆலயம் எழுந்தது. அங்கே உபதேசியாராக ஊழியம் செய்த சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றதோ 1790இல். 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க முன்னின்ற அசரியா அப்போது ஐயர் அல்ல, ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். குருப்பட்டம் 1909இல், பேராயரானது 1912இல். அங்கி போடாதவர்கள் கட்டிய சபைகளில் வளர்ந்துவிட்டு, எல்லாவற்றையும் அங்கியின் தலையில் கட்டுகிறோம்.

என் கட்சி இதுதான். பெயருக்கு இருக்கும் குழு, இல்லாத குழுவைவிடக் கெடுதல். இல்லை என்று தெரிந்தால் யாராவது ஒரு வாலிபப் பிள்ளை தொடங்கியிருக்கும். பட்டியலில் இருப்பதால், 'அதுக்குத்தான் ஆள் இருக்கே' என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம்.

அதனால் கமிட்டிக்கு மூன்று கோரிக்கை. ஒன்று, ஒவ்வொரு ஊழியத்துக்கும் எதிரே அது கடைசியாக நடந்த தேதியைப் போடுங்கள். இரண்டு, முடிந்தவற்றைச் செய்தவர்களின் பெயரைச் சொல்லி, ஆராதனையில் நன்றி கூறி முடித்து வையுங்கள். மூன்று, உறங்கும் ஊழியத்துக்கு மூன்று மாதம் தவணை கொடுத்து வீடு வீடாக ஆள் தேடுங்கள். இரண்டு பேர்கூடக் கிடைக்காவிட்டால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். என் பெயரையும் சேர்த்து.

இது எங்கள் சபைக் கதை மட்டுமல்ல. வெளியூரில் தமிழ்ச் சங்கம் நடத்துகிறவர்களும் தங்கள் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

என் கணக்கை நானே புதுப்பிக்கிறேன். வருகிற சனிக்கிழமை மாலை பார்வை நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தனியாகப் போகக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கூட வர ஒருவர் வேண்டும்.