நடுவில் நேரா, எதிரா?

கிட்டார் பெடல் செய்ய ஜாலான் புசாரின் சிம் லிம் டவரில் உதிரிபாகம் வாங்குவோர், அடாப்டரை மட்டும் வீட்டு இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் வில்லங்கம். சாதாரண அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் நேர்முனை; பாஸ் போன்ற 9 வோல்ட் பெடல்களில் நடுவில் எதிர்முனை. இது வீம்பல்ல. செருகுதுளையின் வெளித்தொடர்பில்தான் சுவிட்ச் உண்டு. பிளக் நுழைந்ததும் அது பேட்டரியின் நேர்முனையைத் துண்டிக்கும். ஆகவே நேர்முனை வெளியே.

மாற்றிச் செருகினால் ஐசி கருகும், மின்தேக்கி வெடிக்கவும் கூடும். தொடரில் ஒரு ஷாட்கி டயோடு போதும். இழப்பு சுமார் 0.3 வோல்ட். சில காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடும் கிட்களை விற்கவே கூடாது என்பேன்.

அடாப்டரில் அச்சிட்ட படத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். மல்ட்டிமீட்டரின் சிவப்பு முனையை பிளக்கின் உள்ளே, கருப்பை வெளியே வையுங்கள். கழித்தல் குறி தெரிந்தால் நடுவில் எதிர்முனை.