வடுவை எண்ணினாற் போதுமா?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம்மவர் நாவில் நாளும் வழங்கும் பழமொழி. இளமையிற் பட்ட துன்பம் என்றும் நீங்காது என்பார் அதனையே சான்றாகக் காட்டுவர். இக்கருத்து முழுதும் பொய்யன்று, முழுதும் மெய்யுமன்று.

அமெரிக்க வைத்தியர்களான வின்சென்ற் பெலிற்றி, றொபேட் அண்டா முதலியோர் 1998இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அடி, வசை, வீட்டிற் குடிப்பழக்கம், தாய் அடிபடக் காணல் முதலிய கொடுமைகள் பிள்ளைப்பருவத்தில் எத்துணை கூடுகின்றனவோ, அத்துணைக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் மிகுதல் அதனாற் புலனாயிற்று. துன்பங்களை எண்ணிப் புள்ளியிடும் வழக்கமும் பரவிற்று. ஆயின், அப்புள்ளி கூட்டத்தின் நிலையைக் கூறுமேயன்றித் தனியொரு பிள்ளையின் வருங்காலத்தைக் கூறாது. அதனைக் கொண்டு தனியாளை மதிப்பிடுதல் தகாதென 2020இல் அண்டாவே எச்சரித்தார்.

இவ்விடத்தில் மற்றோர் ஆராய்ச்சி நம் கவனத்துக்குரியது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955இற் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்ணர், றூத் சிமித் என்னும் அறிஞர் இருவரும் 40 வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பப் பிணக்கு, பெற்றோரின் மனநோய் முதலிய இடர்களுள் நான்கோ அதற்கு மேலோ இரண்டு வயதுக்குள் சூழப்பெற்ற பிள்ளைகளில், மூவரில் இருவர் 18 வயதுக்குள் கல்வியிலோ நடத்தையிலோ மனநலத்திலோ இடர்ப்பட்டனர். எஞ்சிய ஒரு பங்கினர் செம்மையாய் வளர்ந்தனர். அவர்களைத் தாங்கிய தூண்களுள் முதன்மையானது, அன்பு மாறாத ஒருவரின் துணை. பெற்றோரிடம் கிட்டாத அத்துணையைப் பாட்டியிடமோ, அயலவரிடமோ, ஆசிரியரிடமோ அவர்கள் கண்டனர். தடுமாறிய இளைஞருள்ளும் பெரும்பாலோர், கல்வியைத் தொடர்ந்தும் நல்ல வாழ்க்கைத்துணை பெற்றும் நடுவயதுக்குள் தேறினர். ஐந்தில் வளையாதது முப்பதில் வளைந்ததன்றோ?

இதனால், பிள்ளைகள் தாமே தேறுவர் என்று வாளாவிருத்தல் ஆகாது. மூவரில் இருவர் இடர்ப்பட்டதை மறத்தலுங் கூடாது. வீட்டின் வறுமையையும் வன்முறையையும் குறைத்தலே முதற் காப்பு. அடுத்த காப்பு பாடசாலையில் உண்டு. வடுக்களை எண்ணும் ஆராய்ச்சி நோயின் வேரைக் காட்டும். வீழாது நின்றவரை ஆராய்வதே தடுக்கும் வழியைக் காட்டும். பின்னதற்கு இன்னும் மிகுந்த இடம் வேண்டும் என்பதே என் துணிபு.

ஆசிரியர் அன்பாயிருத்தல் வேண்டும் என்று அறிவுரை கூறல் எளிது. ஆனால் ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது பிள்ளைகளை அடைத்து, பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் கேட்குமிடத்து, ஒரு பிள்ளையின் முகவாட்டத்தைக் காண ஆசிரியருக்கு நேரம் ஏது? அந்த நேரத்தை அளித்தலும் மனநோய்த் தடுப்பே.