முன்னிலையா, அயலாரா?

தலையிற் கவசம்போற் பூணும் மெய்நிகர்க் கருவியிலே காட்டப்படும் சித்திரச் சிறுகதைகளைச் சிறார் விளையாட்டென்று ஒதுக்குவார் உளர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், பழைய மாணாக்கர் ஒருவர் ‘ஹென்றி’யைக் காட்டும்வரை.

அமெரிக்காவில் ஒக்குலஸ் நிறுவனத்தின் கதைக்கூடம் 2015 இல் ஆக்கிய கதை அது. ஹென்றி ஒரு முள்ளெலி. எவரையும் கட்டித் தழுவ அதற்குப் பேராசை. உடல் முள்ளோ எவரையும் அணுகவிடாது. பிறந்தநாளன்று தோழரின்றி இருக்கின்றது. நாமோ அதன் வீட்டினுள்ளேயே இருக்கின்றோம். அது நிமிர்ந்து நம் கண்களையே நோக்குகின்றது!

இங்கேதான் எனக்கு ஐயம் பிறந்தது. கேட்போரையும் செய்யுளுறுப்புள் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். இக்கதையில் அக்கேட்போர் யார்? திரைப்படத்தில் நாம் இருளிலிருக்கும் அயலார். பாத்திரங்களுக்கு நாம் இல்லை. ஹென்றியோ ஒரு நோக்கால் நம்மை முன்னிலையாக்குகின்றது; பின்னும் துணையில்லையென வருந்துகின்றது. யான் இருக்கின்றேனே! கையை நீட்டியும் பார்த்தேன். (மாணாக்கர் நகைத்தார்.) ஹென்றி அதனை அறிந்திலது.

புதுமையென்று பலர் போற்றிய அந்நோக்கினை யான் குறையென்பேன். விடைகூற இடந்தராதவன் வினவலாகாது.

கூகிள் நிறுவனத்துக்காகப் பற்றிக் ஒஸ்போர்ன் 2016 இல் ஆக்கிய ‘பேர்ள்’ இதனினும் நேர்மையுடையது. தந்தையும் மகளும் வாழ்ந்த காலமெல்லாம் ஒரு பழைய காருக்குள்ளேயே கழிகின்றது. நாம் முன்னிருக்கையில் இருந்து வேண்டிய பக்கம் திரும்பலாம். எவரும் நம்மை விளிப்பதில்லை. மகள் வளர்வதைக் கண்டிருந்த அச்சில நிமிடங்களில், யான் அங்கிருப்பதை ஒருவரும் அறியாமை எனக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது.