விண்வெளி நிலையம் கட்டும் பிள்ளையும் விசாரிக்காமல் தீர்ப்பளிக்கும் நாமும்



கணினியில் பிள்ளை எதை விளையாடினாலும் அது வீண், ஹராம் என்று விசாரிக்காமலே தீர்ப்பளிக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் வேரூன்றிவிட்டது. இத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம். மார்க்கத்தில் ஒன்றைத் தடுப்பதற்கும் ஆதாரம் வேண்டும். நமது வெறுப்பு ஆதாரமாகாது.

2015இல் முழுமை பெற்று வெளிவந்த 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்னும் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். இதில் வேலை சுடுவதன்று, கட்டுவது. பெரிய விண்வெளி நிலையத்தைப் பகுதி பகுதியாக ராக்கெட்டில் அனுப்பி, சுற்றுப்பாதையில் இணைக்க வேண்டும். 1998 முதல் சர்வதேச விண்வெளி நிலையம் எழுந்ததும் இம்முறையில்தான். முன்னே செல்லும் நிலையத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், பாதை உயர்ந்து, சுற்றும் நேரம் நீண்டு, கலம் பின்தங்கிவிடும். வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கினால்தான் எட்டிப் பிடிக்கலாம். அவ்விளையாட்டின் நிலவில் காற்றில்லை. ஆகவே பாராசூட் பயன்படாது, எஞ்சினை இயக்கியே இறங்க வேண்டும். அங்கே தளம் அமைப்பவர், சூரியத் தகடுகள் பயன்படாத இரவுக்கு வேண்டிய மின்சாரத்தை முன்பே கணக்கிட வேண்டும்.

இவற்றைத் தானே முயன்று கற்கும் பிள்ளையை வீட்டில் அதட்டுகிறோம். மேடையிலோ, மலையுச்சியிலிருந்து பூமியின் ஆரத்தை அளந்த அல்பீரூனியையும், சமர்கந்தில் வானாய்வகம் எழுப்பிய உலூக் பேக்கையும் சொல்லிப் பெருமை கொள்கிறோம். முன்னோரின் அறிவு பெருமை பேசுவதற்கு மட்டும்தானா?

2007ஆம் ஆண்டு ரமளானில் மலேசியாவின் ஷேக் முஸாபர் ஷுகோர் விண்வெளி நிலையம் சென்றார். சுமார் 90 நிமிடங்களில் பூமியைச் சுற்றிவிடும் அவ்விடத்தில் தொழுகை நேரம் எது? கிப்லா எத்திசை? மலேசிய உலமாக்கள் வழிகாட்டுதல் வகுத்தனர்: புறப்பட்ட இடத்தின் நேரப்படி ஐவேளைத் தொழுகை, கிப்லாவோ இயன்ற அளவுக்கு. நிலையம் சுற்றும் விதத்தை அறியாமல் இந்தச் சட்டத்தை வகுத்திருக்க முடியுமா?

விளையாட்டு தொழுகையை விழுங்கினால் அது குற்றமே. அதில் நமக்கு இரு கருத்தில்லை. அங்கே கண்டிக்க வேண்டியது நேரம் தவறுவதை, அறிவையன்று. விளையாட்டைச் சேமித்து நிறுத்தினால், பிள்ளை திரும்பி வரும்வரை நிலையம் தன் பாதையிலேயே காத்திருக்கும். ஆகவே சாக்குக்கும் இடமில்லை.

பெற்றோர்களே! பிள்ளையின் அருகில் அமர்ந்து, "ஏன் வேகத்தைக் குறைக்கிறாய்?" என்று கேளுங்கள். பாங்கு ஒலித்ததும் இருவரும் சேர்ந்தே எழுங்கள்.