சீனி இறங்கினால் காத்திருக்க நேரமில்லை!

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் பூனைக்கு 12 வயதாகிறது. ஆறு மாதமாக இனிப்பு நீர் வியாதிக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டு வருகிறாராம். இப்போது சிறுநீரகமும் பழுதாகி வருகிறது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். "சில நாள் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. அன்றைக்கு ஊசி போடுவதா, வேண்டாமா? போடாவிட்டால் சீனி ஏறிவிடுமே!" என்று கேட்கிறார்.

சகோதரி, பூனை சாப்பிடாத வேளையில் வழக்கமான முழு அளவைப் போடாதீர்கள். முதலில் கிளினிக்குக்குப் போன் செய்து கேளுங்கள். போன் கிடைக்காவிட்டால் அந்த ஒரு வேளை ஊசி தவறியதால் பூனை செத்துவிடாது. வெறும் வயிற்றில் போன முழு ஊசிதான் உயிரைக் குடிக்கும். ஆனால் சாப்பிடாமலிருப்பது ஒரு நாளைத் தாண்டக் கூடாது. அதற்குள் டாக்டரிடம் கொண்டுபோய்விட வேண்டும்.

இப்படிப் பூனை வளர்க்கும் மற்ற வாசகர்களும் இதைக் கவனியுங்கள். நல்ல உடம்புள்ள பூனையின் ரத்தத்தில் சீனி ஏறக்குறைய 4-லிருந்து 7 வரை இருக்கும். நம் நாட்டுக் கிளினிக்குகளில் மனிதர்களுக்குச் சொல்லும் அதே கணக்குத்தான். இனிப்பு நீர் உள்ள பூனைக்கு 15 காட்டினாலும் அன்றைக்கே ஆபத்து இல்லை. ஆனால் 3.5-க்குக் கீழே இறங்கினால் நிலைமை நிமிடக் கணக்கில் மோசமாகும். பூனை தள்ளாடும், நடுங்கும், ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும், பிறகு வலிப்பு வரும். அந்த அறிகுறி கண்டால், விழுங்க முடிகிற பூனைக்கு உடனே உணவு கொடுங்கள். முடியாவிட்டால் தேனையோ சீனிப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். நினைவில்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் இறங்கிவிடும்.

வேறு நோயும் சேர்ந்துகொண்டால் ஏன் இந்தத் தொல்லை? ஒவ்வொரு நோயும் சீனியை ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது. இன்சுலினை உடைத்து வெளியேற்றும் வேலையில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது தளர்ந்தால் மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கும். நேற்றுவரை சரியாயிருந்த அளவு இன்றைக்கு அதிகமாகிவிடலாம். சொத்தைப் பல்லும் சீழ் பிடித்த ஈறும் மூத்திரப் பையில் கிருமியும் இதற்கு நேர்மாறு. அவை இருக்கும்வரை எவ்வளவு இன்சுலின் போட்டாலும் சீனி இறங்க மறுக்கும். அந்தப் பல்லைப் பிடுங்கிக் கிருமிக்கு மருந்து கொடுத்ததும் இன்சுலின் தேவை திடீரென்று குறையும். அப்போது பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் விபத்துதான். கணையம் வீங்கினால் வாந்தியும் பசியின்மையும் வரும். அரிப்புக்கும் சொறிக்கும் போடும் ஸ்டிராய்டு ஊசி சீனியை ஏற்றிவிடும். ஆகையால் எந்த டாக்டரிடம் போனாலும் "இது இன்சுலின் போடும் பூனை" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

"தண்ணீர் நிறையக் குடிக்கிறது, அதனால் சீனி ஏறியிருக்கிறது" என்று நீங்களாக முடிவு கட்டி அளவைக் கூட்டவும் கூடாது. சிறுநீரகம் பழுதான பூனையும் அப்படித்தான் குடிக்கும், அப்படித்தான் மூத்திரம் போகும். கிளினிக்கில் ஒரே ஒரு தடவை எடுத்த கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. கூடையில் அடைத்து, பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ கொண்டுபோன பயத்திலேயே பூனைக்குச் சீனி ஏறிவிடும். அதனால்தான் டாக்டர்கள் முந்திய சில வாரங்களின் நிலையைக் காட்டும் பிரக்டோசமின் என்ற ரத்தப் பரிசோதனையையும் செய்கிறார்கள். வீட்டில் காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கவும் கற்றுக்கொள்ளலாம். மனிதருக்கான கருவி பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டுவதுண்டு. எந்தக் கருவி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

இனிச் சாப்பாடு. குழம்புச் சோறும் மிச்ச பிஸ்கட்டும் இந்தப் பூனைக்கு ஆகாது. சோறு சீனியை ஏற்றும்; குழம்பிலுள்ள வெங்காயம் பூனைக்கு விஷம். இனிப்பு நீருக்கு மாவுச்சத்து குறைந்து, புரதம் கூடிய டின் உணவு நல்லது. ஆனால் சிறுநீரகத்துக்கென்று விற்கும் உணவில் பாஸ்பரஸ் குறைவு, புரதமும் குறைவு, மாவுச்சத்து சற்றுக் கூடுதல். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எந்த நோய் முற்றியிருக்கிறது என்று பார்த்து டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். மெலிந்துபோன கிழப் பூனைக்கு அது விரும்பிச் சாப்பிடுவதே பெரிய காரியம். உணவை நீங்களாகத் திடீரென்று மாற்றாதீர்கள். சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால் சீனி மளமளவென்று இறங்கிவிடும்.

ஊசியிலும் கவனம் தேவை. பூனை, நாய்களுக்கென்று வரும் சில இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். மனிதருக்கானவற்றில் பெரும்பாலும் 100 யூனிட். 40 யூனிட் மருந்துக்கான ஊசிக் குழாயில் 100 யூனிட் மருந்தை அதே கோடுவரை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். தாத்தாவின் இன்சுலின் வீட்டில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். வேளைக்கு 12 மணி நேர இடைவெளி வேண்டும். பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் 5 மணிக்கும் மாலை 5 மணிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் சாப்பாடு, அது இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி. போட்டாயிற்றா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள்.

பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். மணி, சாப்பிட்ட அளவு, போட்ட யூனிட், வாந்தி, மூத்திரம் ஆகியவற்றைத் தினமும் எழுதுங்கள். வாரம் ஒரு முறை கூடையில் வைத்து எடை பாருங்கள். ஊசி போட்டவர் கையெழுத்து வைத்தால், அம்மா ஒரு தடவை, அண்ணன் ஒரு தடவை என்று இரட்டை ஊசி விழாது. "பாதி சாப்பிட்டால் எத்தனை யூனிட், ஒன்றும் சாப்பிடாவிட்டால் என்ன செய்வது?" என்பதையும் டாக்டரிடமே கேட்டு முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஊசிக்குப் பதில் வாய் வழி மருந்து உண்டா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் 2022-இல் பூனைகளுக்கென்று ஒரு மாத்திரையும், 2023-இல் ஒரு திரவ மருந்தும் அனுமதி பெற்றன. ஆனால் அவை வேறு நோய் இல்லாத, முன்பு இன்சுலின் போடாத பூனைகளுக்கானவை. நம் சகோதரியின் பூனைக்குப் பொருந்தா. பாகற்காய்ச் சாற்றையும் ஊற்ற வேண்டாம். காய்ச்சல் என்று பெனடால் கொடுக்கவே கூடாது; ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

விடாத வாந்தி, எழுந்து நிற்க முடியாத சோர்வு, வாயில் பழம் அழுகினாற்போன்ற வாடை, வேகமான மூச்சு இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள். சீனி அடங்காமல் ரத்தம் புளித்துப்போனதன் அடையாளமாக அது இருக்கலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். பல நோய் சேர்ந்த கிழப் பூனைக்கு சீனி 6-இல் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நாளின் பெரும்பகுதி 15-க்குக் கீழே இருந்து, எடை குறையாமல், தானாகத் தட்டருகே வந்து சாப்பிட்டு, தன் மயிரைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டால் போதும், உங்கள் வைத்தியம் சரியாக நடக்கிறது. செலவுக்கு வசதி குறைவென்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை அவசியம், எதைத் தள்ளிப்போடலாம் என்று அவர் பிரித்துச் சொல்வார். ஊசி அளவை மட்டும் அவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.