தேன் மருந்துதான்; ஆனால் எந்தத் தேன்?

கை சுட்டதும் தேன் புட்டியைத் தேடுபவரைப் பழமைவாதி என்று நகைப்பது எளிது. அந்த நகைப்புக்கு ஆய்வுலகில் ஆதாரம் இல்லை.

1991-இல் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எம். சுப்ரமணியம், 104 தீக்காய நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வை ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி’ இதழில் வெளியிட்டார். பாதிப் பேருக்குத் தேன் கட்டு; மறுபாதிக்குச் சில்வர் சல்ஃபாடையசின். 7 நாட்களில் தொற்று நீங்கிய காயங்கள் தேன் பிரிவில் 91 விழுக்காடு. மற்றதில் 7 விழுக்காடு மட்டுமே. 2015-இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வும், ஆழம் குறைந்த தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனால் 4 முதல் 5 நாட்கள் முன்னதாக ஆறுகின்றன என்றது.

எனினும், அச்சான்றுகளில் கணிசமான பகுதி அந்த ஒரே மருத்துவரின் ஆய்வுகளிலிருந்து வந்தது என்பதை மறக்கலாகாது. வேறு மருத்துவமனைகளும் அதே முடிவை எட்டினால்தான் சான்று முழுமை பெறும்.

அதைவிடப் பெரிய இடைவெளி, மருத்துவமனைக் கட்டுக்கும் சமையலறைப் புட்டிக்கும் இடையே உள்ளது. தேனின் செறிந்த சர்க்கரை நுண்ணுயிரிகளின் நீரை உறிஞ்சுகிறது. அதன் அமிலத்தன்மை அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. மிகுதியாகச் சூடாக்கினால் அந்நொதி சிதையும். சர்க்கரைப் பாகு கலந்தால் அது தேனே அன்று. 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 வணிகத் தேன்களில் 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. மருத்துவத் தேனோ, பாக்டீரிய வித்துகளை அழிக்கக் காமா கதிரூட்டப்படுவது. ஆகவே ‘இயற்கையானது’ என்ற ஒரு சொல் இவ்விரண்டையும் சமமாக்கிவிடாது.

முதலுதவியின் வரிசையும் மாறக்கூடாது. முதலில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர், பனிக்கட்டி வேண்டாம். 2024 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற பெங்களூருக்கு இது எளிய அறிவுரை அன்று. குழாய் வறண்டிருந்தால் பாத்திரத்து நீரில் அமிழ்த்தலாம். ஆழமான காயமும், முகத்திலோ மூட்டிலோ பட்ட காயமும் மருத்துவமனைக்கே உரியவை.

இதே நகரில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேனீயியல் பயிலப்படுகிறது. விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இயங்குகிறது. உள்ளூர்த் தேனை முறைப்படி தூய்மையாக்கிச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? பாட்டி வைத்தியத்தைப் போற்றுவோரும் இகழ்வோரும் கோர வேண்டியது அந்த ஆய்வைத்தான்.